பட்டுக் கட்டிய எஞ்சின்

ஓவசியர் சிற்றம்பலம் வருகிறார் என்பதை வட்டக்கச்சிச் சனங்கள் கண்ணால் அறிவதில்லை, மூக்கால் அறிவார்கள். அவருடைய மோட்டார் சைக்கிள் வாய்க்கால் றோட்டில் திரும்பிய உடனேயே நீலப் புகை வயலுக்கு மேலால் வந்துவிடும். புகையைத் தொடர்ந்து இருமல் வரும். இருமுவது எஞ்சினா ஓவசியரா என்பது கிட்ட வந்த பிறகுதான் தெரியும்.

இரண்டு சிலிண்டர் உள்ள இங்கிலீசுச் சைக்கிள் அது. தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரத் துரை கண்கலங்கி, அதைத் தன் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனதாக ஓவசியர் சொல்லுவார். அவ்வளவு பாசம் உள்ளவன் அதையும் கப்பலில் ஏற்றியிருக்கலாமே என்று ஒருவரும் கேட்பதில்லை. எந்த வாய்க்காலின் கதவை எந்தக் கிழமை திறப்பது என்பது ஓவசியரின் கையில் இருந்தது. வயல் வைத்திருக்கிறவன் அப்படிப்பட்ட கேள்வி கேட்கமாட்டான்.

அல்பேர்ட்டுக்கு வயலும் இல்லை, அந்தப் பயமும் இல்லை. கொக்கிளாய்க் கடற்கரையில் பிறந்தவன். பதினேழு வயதில் திருகோணமலைக்குப் போய், வெள்ளைக்காரக் கடற்படையின் பட்டறையில் எஞ்சின் பிரிக்கவும் பூட்டவும் பழகினவன். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனான். அல்பேர்ட் இன்ன வேலை தெரிந்தவன் என்று எழுதிக் கையெழுத்து வைக்கக்கூடிய ஆளும் அதே கப்பலில் போய்விட்டான். அதன் பிறகு நாலு வருசமாக அவன் வட்டக்கச்சி நெல்லு மில்லில் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு, உமி அறைக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டு இருந்தான்.

ஊர்ச் சனத்தைப் பற்றி அவனுக்கு நல்ல எண்ணம் கிடையாது. பத்து வருசத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டியும் பாயுமாக வந்து இறங்கி, அரசாங்கம் வெட்டிக் கொடுத்த காணியில் குந்தினவர்கள், இரணைமடுக் குளத்தையே தங்கள் பாட்டன்மார் நகத்தால் தோண்டினது மாதிரிக் கதைப்பார்கள். நெல்லைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். அதை அவன் ஒத்துக்கொள்வான். ஆனால் எஞ்சினைப் பற்றியும் தெரியும் என்பார்கள். மில் எஞ்சின் நின்றால் பத்துப் பேர் சுற்றி நின்று பத்துக் காரணம் சொல்லுவார்கள். பதினோராவது காரணத்தை அவன் கண்டுபிடித்துத் திருத்தினால், ‘நான் அப்பவே சொன்னனான்’ என்று பத்துப் பேரும் கலைந்து போவார்கள். பிறகு அவன் தனியே இருந்து பாணைப் பிளேன்ரீயில் தோய்த்துத் தின்பான். அந்த எஞ்சினோடு கதைக்கிற அளவுக்கு அவன் ஊரில் ஒரு மனிதரோடும் கதைத்ததில்லை.

கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பட்டறையில் ஒரு பிட்டர் வேலை காலியாகியிருந்தது. ஒரு மாதமாக அல்பேர்ட் அதைத் தவிர வேறொன்றையும் நினைக்கவில்லை. அங்கே உள்ள லேத் இயந்திரத்தை வேலிக்கு வெளியே நின்று இரண்டு தரம் பார்த்துவிட்டு வந்திருந்தான். விண்ணப்பத்தை நிரப்பியும் வைத்திருந்தான். அதன் அடியில் மட்டும் ஒரு இடம் வெறுமையாகக் கிடந்தது: இவரது வேலையை நேரில் கண்ட உத்தியோகத்தர் ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வட்டக்கச்சியில் உத்தியோகத்தர் என்றால் ஓவசியர் ஒருவர்தான்.

“என்ர சைக்கிளைச் செய்து காட்டு,” என்றார் சிற்றம்பலம். “இன்னும் மூண்டு கிழமையில எஞ்சினியர் குளக்கட்டுப் பார்க்க வாறார். அவருக்கு முன்னால புகையில்லாமல் போய் இறங்குவன். ஆர் செய்தது எண்டு கேப்பார். உன்ர பேரைச் சொல்லுறன். அந்த இடத்திலேயே கையெழுத்தும் வைக்கிறன்.”

“இப்பவே வைக்கலாமே, ஐயா.”

“வேலையைக் காணாமல் கையெழுத்து வைக்க நான் என்ன கிராமச் சங்கமே?”

அடுத்த நாள் ஓவசியரின் வளவில் மாமரத்துக்குக் கீழே அல்பேர்ட் சாக்கை விரித்தான். ஓவசியர் கதிரையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு இருந்தார். கோயிலடி வீரகத்தியும் வந்தார். அவருக்கு ஐந்து ஏக்கர் வயல், ஆறு மாடு, எல்லா விசயத்திலும் ஒரு கருத்து. கவிழ்த்துக் கிடந்த உரலில் குந்தி, சுருட்டைப் பற்றவைத்தார்.

“பெற்றோல் கிட்டக் கிடக்கு, அண்ணை,” என்றான் அல்பேர்ட்.

“நான் நெருப்போட பழகினவன், தம்பி.”

“பெற்றோலோட பழகேல்லை.”

வீரகத்தி உரலை இரண்டடி தள்ளிப் போட்டார். அல்பேர்ட் பெற்றோல் தாங்கியை இறக்கினான். காபரேட்டர், புகைக்குழாய்கள், அதன்பின் எஞ்சினின் தலையைப் பிடித்திருந்த நட்டுகள். அவற்றை ஒரே வரிசையில் கழற்றாமல், குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கினான். தலை தூக்குப்பட்டதும் ஒரு மணம் வந்தது. எரிந்த எண்ணெய் மணம்தான், ஆனால் பட்டறை மணமில்லை. குசினி மணம்.

“ஐயா, இதுக்குள்ள என்ன ஊத்தினனீங்கள்?”

“எண்ணெய்தான்.”

“என்ன எண்ணெய்?”

ஓவசியர் வீரகத்தியைப் பார்த்தார். வீரகத்தி சுருட்டைப் பார்த்தார். “எப்பன் நல்லெண்ணெய் கலந்தவர்,” என்றார் வீரகத்தி. “நான்தான் சொன்னனான். சூட்டுக்குக் குளிர்மை எல்லே.”

“எவ்வளவு காலமா?”

“சனிக்குச் சனி,” என்று குசினி வாசலிலிருந்து சொன்னாள் ஓவசியரின் மனைவி விமலேஸ்வரி. “இவருக்கு ஒரு கரண்டி தலைக்கு, அதுக்கு ஒரு கரண்டி.”

“அரப்பும் வைச்சு முழுக வாத்தனீங்களோ, அம்மா?”

விமலேஸ்வரி சிரித்தாள். ஓவசியர் சிரிக்கவில்லை.

சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்த இரும்புக் கட்டியை மேலே உயர்த்தும்போது, கீழே திறந்த வாய்க்குள் ஒன்றும் விழாமல் துணியை அடைத்தான். பிஸ்டன்கள் இரண்டும் வெளியே வந்து கறுத்துப்போய் நின்றன. பிஸ்டனைச் சுற்றி வில்லுப் போல விரிந்து நின்று எண்ணெயை மேலே ஏறவிடாமல் வழிக்க வேண்டிய ரிங்குகள், காய்ந்த நல்லெண்ணெய்ப் பிசினில் பலாப்பால் ஒட்டினமாதிரி ஒட்டிக் கிடந்தன. சிலிண்டரின் உள்சுவரில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தான். ஓரிடத்தில் நகம் தடக்கியது. தேய்ந்து பள்ளமாகிவிட்டது.

“ரிங் மட்டும் மாத்தினால் காணாது. சிலிண்டரைக் கடைஞ்சு பெருப்பிக்க வேணும். அதுக்கு ஒரு படி பெரிய பிஸ்டன் கொழும்பிலயிருந்து எடுக்க வேணும்.”

“துரை ஓட்டின எஞ்சின்,” என்றார் ஓவசியர். “தேய்ஞ்சிருக்க ஞாயமில்லை.”

“துரை நல்லெண்ணெய் ஊத்தேல்லை, ஐயா.”

பிஸ்டன் பார்சல் வந்ததும், அல்பேர்ட் சிலிண்டர்க் கட்டியைச் சாக்கில் சுற்றி, யாழ்ப்பாண றெயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனான். எதிரே இருந்த மனிசி, “என்ன தம்பி, ஆட்டுக்கல்லோ?” என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டான். விளக்கம் சொன்னால் அவளுக்கும் ஒரு கருத்து இருக்கும் என்ற பயம். லேத்துப் பட்டறையில் கடைகிறவனின் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டே நின்றான். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே விடவேண்டிய இடைவெளியைத் தன் கையால் அளந்து, கடைகிறவன் முகத்தைச் சுளித்த பிறகும் இன்னொரு தரம் அளந்து, பிறகுதான் வாங்கினான்.

பூட்டுகிற நாள் வெள்ளிக்கிழமை. பழையபடி கதிரையும் உரலும் நிரம்பியிருந்தன. இரண்டு பிஸ்டனையும் ஒரே நேரத்தில் இரண்டு துவாரத்துக்குள் விடவேண்டும். ரிங்குகளை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டும். பட்டறையில் இதற்கு இரண்டு ஆள் நிற்பார்கள். அல்பேர்ட் பிஸ்டன்களுக்குக் கீழே இரண்டு மரச்சட்டம் கொடுத்து நிமிர்த்தினான். பால்மா ரின்னில் வெட்டிய தகரத்தை ரிங்குகளைச் சுற்றி வளைத்து, கம்பியால் முறுக்கினான். சிலிண்டர்க் கட்டியைத் தலைச்சுமை இறக்குகிறவன் போல மெல்ல இறக்கினான்.

“நான் ஒரு கை பிடிக்கட்டே?” என்றார் வீரகத்தி. “எத்தினை மாட்டுக்குப் பேறு பார்த்துக் கண்டு இழுத்துப் போட்டனான்.”

“இது உள்ளுக்குப் போறது, அண்ணை. வெளியில வாறது இல்லை.”

இடது பிஸ்டன் போயிற்று. வலதில் ஒரு ரிங் முரண்டு பிடித்தது. மூச்சை அடக்கி, சின்னவிரல் நகத்தால் அதன் நுனியைத் தள்ளினான். ‘சளக்’ என்று உள்ளே போனது. பதினேழு வயதில் முதல்தரம் இதைச் செய்தபோது வெள்ளைக்காரன் ஒரு சிகரெட் தந்தான். இன்றைக்கு ஒருவரும் ஒன்றும் தரவில்லை. ஓவசியர் கொட்டாவி விட்டார்.

அந்த நேரத்தில்தான் விமலேஸ்வரி வந்து சொன்னாள். “தம்பி, போன வரியம் இது இவரைத் தூக்கி வாய்க்காலுக்குள்ள போட்டது தெரியுமே. அப்ப பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைச்சனான். ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்யலாமோ?”

“அது உங்கட விசயம், அம்மா,” என்றான் அல்பேர்ட், நட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். என்ன நேர்த்தி என்று கேட்கவில்லை. இந்தச் சனம் தேங்காய் உடைக்கிறதும் கற்பூரம் கொளுத்துகிறதும் எஞ்சினுக்கு என்ன செய்யும் என்று நினைத்தான். அவன் செய்த பிழை அது ஒன்றுதான். அவனும் அதைப் பிறகு தனக்குள்ளே ஒத்துக்கொண்டான், வேறு ஒருவருக்கும் சொல்லாமல்.

பின்னேரம் எஞ்சின் இரண்டாவது உதையில் எழும்பியது. புகை இல்லை. இரண்டு குழாயிலும் ஒரே அளவான சத்தம்.

“ஐயா, இப்ப சொல்லுறதைக் கேளுங்கோ. புதுப் பிஸ்டன் சுவரோட பழக வேணும். ஐந்நூறு மைல் ஓடுமட்டும் நாப்பதுக்கு மேல விடாதையுங்கோ. அதைவிடப் பெரிய விசயம், நிண்ட இடத்தில எஞ்சினை ஓடவிடக் கூடாது. இதுக்கு ரக்ரர் மாதிரித் தண்ணி இல்லை. ஓடேக்க அடிக்கிற காத்துத்தான் குளிர்மை. காத்து இல்லாட்டி பிஸ்டன் ஊதிப் போய் இறுகிப் பிடிச்சிடும்.”

“ஏன்ராப்பா, எனக்கோ படிப்பிக்கிறாய்? நான் குளத்துத் தண்ணியையே அளந்து விடுறவன்.”

“இது காத்து, ஐயா.”

சனிக்கிழமை ஓவசியர் கிளிநொச்சிக்கு இரண்டு தரம் போய் வந்தார். ஒரு பொட்டுப் புகை இல்லை. மில் வாசலில் நிறுத்தாமலே கையை அசைத்துவிட்டுப் போனார். அல்பேர்ட் அன்றைக்கு விண்ணப்பக் கடதாசியை எடுத்து, மடிப்பை நீவி, திரும்ப வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சி மாதா கோயிலில் பூசை முடிந்து, பத்து மணி வெயிலில் தன் பழைய சைக்கிளை உழக்கிக்கொண்டு வந்தவனுக்கு வாய்க்கால் திருப்பத்திலேயே மேளம் கேட்டது. மேளத்துக்கு நடுவே அவனுடைய எஞ்சினும் கேட்டது. நடக்கிற வேகத்தில், முதல் கியரில், அது முனகிக்கொண்டிருந்தது. சத்தத்தில் ஒரு கலகலப்பு ஏறியிருந்தது. சூடேறிய உலோகத்தின் கலகலப்பு. அவன் எழும்பி நின்று உழக்கினான்.

முன்னுக்கு நாதஸ்வரமும் தவிலும். அதற்குப் பின்னால் ஐயர். அதற்குப் பின்னால் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக ஓவசியர் மோட்டார் சைக்கிளில் வீற்றிருந்தார். விளக்குக்குச் செவ்வந்தி மாலை, தாங்கிக்குச் சந்தனம். வெறும் இரும்போடு சாமியிடம் போகக்கூடாது என்று, சரிகைக் கரை வைத்த பட்டுச் சால்வை ஒன்றை எஞ்சினைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். விக்கிரகத்துக்குச் சாத்துகிற மாதிரி, கொசுவம் வைத்து.

பிள்ளையார் கோயில் ஒரு மைல் தூரம்தான். ஆனால் வழியில் உள்ள ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நிறைகுடம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு படலையிலும் ஊர்வலம் நின்றது. மேளகாரர் ஒரு உருப்படி வாசித்தார்கள். வீட்டுக்காரன் தேங்காய் உடைத்தான். பிள்ளையாருக்காக உடைத்தவன் அதில் ஒருவனும் இல்லை. எல்லாரும் வாய்க்கால் கதவுக்காக உடைத்தார்கள். உடைக்கிற நேரமெல்லாம் எஞ்சின் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிற்பாட்டினால் அபசகுனம்.

அல்பேர்ட் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு ஓடினான். அது பதினோராவது படலை, வீரகத்தியின் வீடு. வீரகத்தி தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, எஞ்சினை நிப்பாட்டுங்கோ.”

“தள்ளி நில்லு. சாமி காரியம்.”

“எரியுது, ஐயா. மணக்கேல்லையே உங்களுக்கு?”

“அது சாம்பிராணி,” என்றார் வீரகத்தி.

“சாம்பிராணி இல்லை, பட்டு.”

“கோயில் வாசலுக்கு இன்னும் மூண்டு படலைதான்,” என்றார் ஓவசியர். மேளம் நகர, அவரும் கிளச்சை விட்டார். சைக்கிள் நாலு முழம் நகர்ந்தது. எஞ்சினுக்குள் ஒரு கிறீச்சிட்ட சத்தம் கேட்டு, உடனே அடங்கிவிட்டது. பின் சில்லு இறுகி நின்றது. ஓவசியர் நிற்கவில்லை, தாங்கிக்கு மேலால் சறுக்கி, மாலைக்குள் முகத்தைக் கொடுத்து, வீரகத்தியின் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். தலைப்பாகை அவிழ்ந்து வேலியில் தொங்கியது. ஒரு தவில்காரன் மட்டும் கவனியாமல் இன்னும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டு போனான்.

எல்லாரும் அல்பேர்ட்டைப் பார்த்தார்கள்.

“வேதக்காரன் பூட்டின எஞ்சின்,” என்றார் வீரகத்தி மெல்ல, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. “பிள்ளையார் ஏத்துக்கொள்ளேல்லை.”

“பிள்ளையாரை ஏன் இழுக்கிறியள், அண்ணை?” என்றான் அல்பேர்ட். “அவர் எலியில போறவர். எலிக்கு ஒருத்தரும் பட்டுக் கட்டேல்லை.”

திங்கட்கிழமை காலை, நாலு பேர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து மில்லில் விட்டார்கள். எஞ்சினியர் வர இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அல்பேர்ட் தனியாகவே பிரித்தான். ஆறியபின் பிஸ்டன்கள் அசைந்தன. ஆனால் இரண்டின் பக்கங்களிலும் சுற்றிவர உரசல் கீறல். பிஸ்டனின் அலுமினியம் சுவரில் பூசிப்போய் மின்னியது. வெளியே, காற்றுப் பிடிக்க வைத்த சிலிண்டர்ச் செதில்களுக்கு இடையில், கருகிய பட்டும் சரிகையும் செவ்வந்தி இதழும் இறுகி ஒட்டியிருந்தன. துணியை எடுத்தவன் கையை நிறுத்தினான். அதைத் துடைக்கவில்லை.

மத்தியானம் ஓவசியர் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். முழங்கையில் மருந்துத் துணி. பிஸ்டனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு விளங்கியது என்பது அல்பேர்ட்டுக்கும் விளங்கியது. மனிசன் முட்டாள் இல்லை. அதுதான் அவனுக்குக் கூடுதலான வெறுப்பைத் தந்தது.

“தம்பி,” என்றார் ஓவசியர். மூன்று கிழமையில் முதல்தரம் தம்பி என்றார். “நாளைக்கு எஞ்சினியர் கேப்பார், சைக்கிள் எங்க எண்டு. பிஸ்டன் எப்பன் இறுக்கமாப் போட்டிட்டன் எண்டு சொல்லு. சின்னப் பிழைதானே. நான் பக்கத்தில நிண்டு, பாவம் சேர், நல்ல பெடியன், கை பழகினால் சரிவரும் எண்டு சொல்லுவன். கையெழுத்தும் வைப்பன்.”

“பிழை விட்டவன் எண்டு நீங்களே சொல்லி, பிட்டர் வேலைக்கும் நீங்களே எழுதித் தருவியளோ?”

“அது என்ர பாடு.”

“நான் மாட்டன் எண்டால்?”

“நீ சொல்லாட்டி நான் சொல்லுவன். என்ர சொல்லோ உன்ர சொல்லோ, அவர் எதைக் கேப்பார் எண்டு நினைக்கிறாய்?” குடையை விரித்தார். “மேளத்தோட போனது கந்தோருக்குத் தெரிஞ்சால் நான் எப்பிடி முகம் காட்டுறது? பன்ரண்டு வரியம் உத்தியோகம்.”

அன்றைக்கு முழுவதும் அல்பேர்ட் யோசித்தது ஒன்றைத்தான். பொய்யைச் சொன்னால், கையெழுத்து ஒருவேளை கிடைக்கும். ஆனால் அவன் போகிற பட்டறையில் எல்லாம் ‘பிஸ்டன் இறுக்கினவன்’ என்ற பேர் அவனுக்கு முன்னால் போய் நிற்கும். உண்மையைச் சொன்னால் கையெழுத்தே இல்லை. இரண்டு பக்கமும் யோசித்துவிட்டு, சிலிண்டர்க் கட்டியைக் கழுவாமலே சாக்கில் சுற்றி, பிஸ்டன்களைப் பிஸ்கற் பெட்டியில் போட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை குளக்கட்டில் எஞ்சினியர் யோகநாதன் ஜீப்பிலிருந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, மற்றவர்கள் சொல்வதை அரைவாசியிலேயே விளங்கிக்கொள்கிறவர். ஓவசியர் வியர்வையோடும், அவருக்குப் பின்னால் அல்பேர்ட் சாக்கோடும் நடந்து வருவதைக் கண்டார்.

“என்ன சிற்றம்பலம், உம்மட துரைச் சைக்கிள் எங்கை?”

“புதுப் பிஸ்டன் போட்டது, சேர். மெக்கானிக் இறுக்கமாப் போட்டிட்டான். பிடிச்சிட்டுது. இவன்தான், சேர். நெல்லு மில்லில நிக்கிறவன்.”

எஞ்சினியர் அல்பேர்ட்டைப் பார்த்தார். “இறுக்கினனீரோ?”

“இல்லை, சேர்.”

“அப்ப ஏன் பிடிச்சது?”

“நான் சொன்னால் ஐயா இல்லையெண்டுவார். இவர் சொன்னால் நான் இல்லையெண்டுவன். நீங்கள் சாமானைப் பாருங்கோ.”

ஜீப்பின் மூடியில் சாக்கை விரித்தான். எஞ்சினியர் முதலில் பிஸ்டன்களை எடுத்தார். “எத்தினை மைல் ஓடினது?”

“சனிக்கிழமை இருபது மைல், சேர். ஐயாதான் ஓடினவர். ஒண்டும் நடக்கேல்லை.”

“இறுக்கமாயிருந்தால் முதல் பத்து மைலிலேயே பிடிச்சிருக்கும்,” என்றார் எஞ்சினியர், ஓவசியரைப் பாராமலே. பிறகு சிலிண்டர்க் கட்டியைத் திருப்பினார். மூக்கைச் சுளித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, செதிலுக்குள் விட்டு, மெல்லக் கிளறினார். அரை முழச் சரிகை இழை வந்தது. அதன் நுனியில் ஒரு கருகிய பூ இதழ்.

“இது இங்கிலாந்திலயிருந்து எஞ்சினோட வந்ததோ, சிற்றம்பலம்?”

ஓவசியர் குளத்தைப் பார்த்தார்.

“கழுவாமல் கொண்டு வந்தனீர்,” என்றார் எஞ்சினியர் அல்பேர்ட்டிடம்.

“ஓம், சேர். கழுவினால் கதை போயிடும்.”

எஞ்சினியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஜீப்பின் மறுபக்கம் போய், ஓட்டுநரும் பார்க்கிற மாதிரிக் குனிந்து நின்று சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். “எத்தினை தவில்?” என்று கேட்டார்.

“ரண்டு, சேர்,” என்றார் ஓவசியர். வேறு வழியில்லை.

“பட்டறைக்கு ஒரு பிட்டர் வேணும் எண்டு நான் மூண்டு மாசமாக் கத்துறன். இந்தாள் விண்ணப்பம் போட்டவரோ?”

“என்னட்டக் கிடக்கு, சேர். அடியில கையெழுத்து இல்லை,” என்றான் அல்பேர்ட்.

“அது உம்மட வேலை, சிற்றம்பலம். வாற செவ்வாய் நான் திரும்ப வாறன். சைக்கிளில வாரும். உம்மைச் சைக்கிளில பார்க்க எனக்கு ஆசையாயிருக்கு.”

கையெழுத்து உடனே விழவில்லை. புதன்கிழமை ஓவசியருக்குப் பேனையில் மை இல்லை. வியாழக்கிழமை மரண யோகம். வெள்ளிக்கிழமை காலை அவர் மில்லுக்கு வந்தபோது, எஞ்சின் ஒரு பெரிய அலுமினியச் சட்டிக்குள் பாகம் பாகமாக மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. கீறல்களை எமரித்தாளால் தேய்த்து எடுத்திருந்தான். சிலிண்டர்ச் சுவர் மறுபடி வழவழத்தது. அல்பேர்ட் பாண் தின்றுகொண்டு இருந்தான்.

“ஏன் பூட்டேல்லை?” என்றார் ஓவசியர். “செவ்வாய்க்கு நாலு நாள்தான் கிடக்கு.”

“ஐயாவின்ர கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன். அது விழுந்தால் பிஸ்டனும் விழும்.”

“என்னை வெருட்டுறியோ?”

“நானேன் வெருட்டுறன். வேற ஆளைப் பிடியுங்கோ. வீரகத்தி அண்ணை நிக்கிறார். கண்டு இழுத்துப் பழகினவர்.”

ஓவசியர் சட்டியைப் பார்த்தார். அதற்குள் கிடந்த நாற்பது ஐம்பது சாமானில் எது எங்கே போகும் என்று பன்னிரண்டு வருச உத்தியோகத்தில் அவருக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நடந்து நடந்து காலில் கொப்புளம் போட்டிருந்தது. நெல்லு மூட்டையின் மேல் கடதாசியை வைத்து, பேனையைத் திறந்தார். அதில் மை நிறையவே இருந்தது.

“என்ன எழுத?”

“கண்டதை எழுதுங்கோ. இரட்டைச் சிலிண்டர் எஞ்சினைத் தனியாப் பிரிச்சுப் பூட்டினதை நேரில கண்டனான் எண்டு. ரண்டு தரம்.”

“ஒரு தரம் எண்டால் காணாதோ?”

“முதல்தரம் கண்டனீங்கள், ரண்டாந்தரம் இப்ப காணப் போறியள். பொய் எழுதுறது என்னத்துக்கு?”

எழுதினார். கையெழுத்தை நீளமாக வைத்தார், வாய்க்கால் கட்டுக்கு வைக்கிற மாதிரி. அல்பேர்ட் கடதாசியை வாங்கும்போது கட்டைவிரல் மண்ணெண்ணெய்க் கறை அதன் மூலையில் பதிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை எஞ்சின் முதல் உதையிலேயே எழும்பியது. அல்பேர்ட் ஓட்டிப் பார்க்க ஏறிக் குந்த, ஓவசியர் தானும் பின்னால் ஏற வந்தார்.

“முதல் ஓட்டம், ஐயா. பாரம் ஏத்தக் கூடாது,” என்றான் அல்பேர்ட். அது முழுப் பொய்யும் இல்லை. விண்ணப்பத்தை ஓவசியரிடம் கொடுத்துத் தபாலில் போட விட அவனுக்கு மனமில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினான். நேரே கிளிநொச்சிக்குப் போகாமல், தெற்கே திரும்பி, கனகராயன்குளம் வரைக்கும் ஓடினான். நாற்பதைத் தாண்டவில்லை. இரண்டு பக்கமும் காடு. எதிரே ஒரு லொறியும் இரண்டு மாட்டு வண்டியும். காற்று செதில்களுக்குள் புகுந்து போவது முழங்காலில் தெரிந்தது. எஞ்சின், இரண்டு பெண்கள் மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டு போவது மாதிரி ஓடியது. நாலு வருசத்தில் அவன் சிரித்தது அந்த றோட்டில்தான். ஒருவரும் பார்க்கவில்லை.

திரும்பி வந்து கிளிநொச்சி நீர்ப்பாசனக் கந்தோர் வாசலில் நிறுத்தினான். உள்ளே மேசைக்குப் பின்னால் பரமலிங்கம் என்ற கிளாக்கர் இருந்தார். கடதாசியை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்கு உயர்த்தினார்.

“உதென்ன மூலையில?”

“எண்ணெய்.”

“விண்ணப்பம் துப்பரவா இருக்க வேணும். புதுசா எழுதிக் கையெழுத்தும் எடுத்துக்கொண்டு வாரும்.”

அல்பேர்ட் நகரவில்லை. இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்தான். நகக்கண்களுக்குள் பதினாலு வருசத்துக் கறுப்பு இருந்தது.

“நான் கேக்கிறது பிட்டர் வேலை, ஐயா,” என்றான். “உங்கட கதிரையை இல்லை. எஞ்சினியர் உதைப் பார்க்கக் கேட்டவர். துப்பரவில்லை எண்டு நீங்களே அவருக்குச் சொல்லுங்கோ. நான் இதில நிக்கிறன்.”

கிளாக்கர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு ஓவசியரின் நீளக் கையெழுத்தைப் பார்த்தார். அதற்கு மேலே ‘இரண்டு தரம்’ என்று எழுதியிருந்ததைக் கண்டு புருவத்தைச் சுருக்கினார். ஆனால் ஏன் இரண்டு தரம் என்று கேட்கவில்லை. முத்திரையை மையில் அழுத்திக் கடதாசியில் குத்தினார்.

“கையை எடும்,” என்றார். “மேசை ஊத்தையாகுது.”

அல்பேர்ட் முத்திரையின் மை காயுமட்டும் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தான்.